"சொரி" என்றால் மன்னிப்பு மட்டும்தானா?

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவி, லீவில் வந்தபோது வகுப்பை எட்டிப் பார்த்தாள். உட்காரும் முன்பே கேட்டாள்.

"டீச்சர், ஒரு வெள்ளைக்காரர் எங்க குடும்பத்தப் பத்தி விசாரிச்சாரு. அப்பா போன வருசம் தவறிட்டாருன்னு சொன்னேன். ஒடனே 'ஐ ஆம் சோ சொரி'ன்னாரு. எங்கப்பா செத்ததுக்கு அவரு ஏன் டீச்சர் மன்னிப்புக் கேக்கணும்?"

"நீ என்ன சொன்ன?"

"'நோ சேர், நொட் யுவர் மிஸ்டேக்'னு சொன்னேன். அவரு ஒரு மாதிரி பாத்துட்டுப் பேசாமப் போயிட்டாரு."

ஹட்டனில் 18 வருடமாக மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் போகக் காத்திருப்பவர்கள். ஏபிசிடி சரியாகத் தெரியாத பிள்ளைக்கும் "சொரி" தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நானும் பல வருடம் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாம் பேசும்போது கவனித்துப் பாருங்கள். "அவன் என்கிட்ட சொரி கேட்டான்" என்போம். மன்னிப்பு இன்னொருவர் கொடுக்க வேண்டிய பொருள், அதனால் கேட்கிறோம். சொரியையும் அந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். அதை அப்படியே ஆங்கிலமாக்கி "ஹீ ஆஸ்க்ட் சொரி" என்று எழுதுவார்கள். அது பிழை, "ஹீ செட் சொரி" என்பதே சரி. ஆங்கிலத்தில் சொரி ஒரு பெயரடை. "ஐ ஆம் டயர்ட்" என்றால் நான் களைத்திருக்கிறேன். "ஐ ஆம் சொரி" என்றால் என் மனம் வருந்தியிருக்கிறது. இவ்வளவுதான் அந்தச் சொல் சொல்கிறது. ஏன் வருந்துகிறது என்பதைச் சூழ்நிலைதான் சொல்லும். நான் உங்கள் காலை மிதித்துவிட்டுச் சொன்னால் மன்னிப்பு, உங்கள் அப்பா இறந்த செய்தி கேட்டுச் சொன்னால் துக்கம் விசாரிப்பு.

பழைய ஆங்கிலத்தில் புண்ணுக்கும் வலிக்கும் "சார்" என்று பெயர். அதிலிருந்து பிறந்ததுதான் சொரி. தொண்டை நோவுக்குச் சொல்லும் "சோர் த்ரோட்"டில் உள்ள சோரும் இதற்கு உடன்பிறப்பு. நம் "வருத்தம்" என்ற சொல்லும் இப்படித்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் "அவருக்கு வருத்தம்" என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்த ஆசிரியை ஒருவர் "நேத்து எனக்கு வருத்தம்" என்றபோது, பிள்ளைகள் "யாரு டீச்சர் திட்டினது?" என்று கேட்டார்கள். உடம்பு நோவையும் மன நோவையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். சொரிக்கு மன்னிப்பைவிட இந்த வருத்தம்தான் கிட்டத்துச் சொந்தம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் திருந்தவில்லை. என் வாயால் ஒரு குடும்பம் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த பெரியப்பா ஒருவரை நெஞ்சு வலி என்று இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆங்கிலம் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விடியற்காலையில் வார்ட் கதவைத் திறந்து ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்து, "ஐ ஆம் வெரி சொரி, வீ குடன்ட் சேவ் ஹிம்" என்றார். பெரியம்மா, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்த சிவப்பு பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்னேன்: "பெரியம்மா, மன்னிச்சிக்கங்கன்னு சொல்றாரு. காப்பாத்த முடியலையாம்."

பெரியம்மா சரிந்து உட்கார்ந்தார். மகன் உட்காரவில்லை. "மன்னிப்புக் கேக்குறாருன்னா என்னமோ தப்பு நடந்திருக்கு. என்னா செஞ்சீங்க?" என்று டாக்டரை நெருங்கினான். டாக்டர் மறுபடியும் சொரி சொன்னார். அது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆனது. பிரேதத்தை வாங்க மாட்டோம் என்றார்கள், பொலிஸ் வந்தது, பிரேதப் பரிசோதனை முடிய அடுத்த நாளாகிவிட்டது. மாரடைப்புத்தான். லயத்தில் ஒப்பாரி வைக்கக் காத்திருந்த சனம் ஒரு பகல் முழுக்க வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

அந்த டாக்டர் கேட்டது மன்னிப்பல்ல, அவர் தன் வருத்தத்தைத்தான் சொன்னார். சிங்களத்தில் யோசித்திருந்தால்கூட எனக்கு வழி தெரிந்திருக்கும். பஸ்ஸில் இடித்துவிட்டால் "சமாவென்ன" என்கிறோம், துக்கச் செய்திக்கு "கணகாட்டுயி" என்கிறோம். தினமும் இரண்டையும் பிரித்துப் பேசுகிற ஊரில் இருந்துகொண்டு, ஆங்கிலம் என்றதும் கலந்துவிட்டேன். கருமாதி முடிந்த பிறகு பெரியம்மாவிடம் போய், "டாக்டர் மன்னிப்புக் கேக்கல பெரியம்மா, அவருக்கும் மனசு தாங்கலன்னுதான் சொன்னாரு" என்றேன். "அத அன்னிக்கே சொல்லியிருந்தா எம்மவன் அந்தப் புள்ளைய அப்படிப் பேசியிருக்க மாட்டானே" என்றார்.

வார்டில் உறவினருக்காக மொழிபெயர்த்துச் சொல்பவர்களை, முக்கியமாக இளைய தாதிமாரைக் கேட்டுக்கொள்கிறேன். சாவுச் செய்தியோடு வரும் சொரியை "மன்னிச்சுக்கங்க" ஆக்காதீர்கள். "எவ்வளவோ பார்த்தோம், காப்பாத்த முடியல, எங்களுக்கும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லலாம். உண்மையிலேயே பிழை நடந்து டாக்டர் மன்னிப்புக் கேட்டால், அதையும் மழுப்பாமல் மன்னிப்பு என்றே சொல்லுங்கள்.

இந்தச் சொல்லின் இரட்டை அர்த்தத்தை அரசாங்கங்களே பயன்படுத்தியிருக்கின்றன. 2001 ஏப்ரல் 1ஆம் திகதி சீனாவின் ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி இறந்தார். ஹைனானில் தரையிறங்கிய அமெரிக்க விமானத்தில் இருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேள் என்றது. அமெரிக்கா கொடுத்த கடிதத்தில் இரண்டு இடத்தில் "வெரி சொரி" இருந்தது. சீன அரசு தன் மக்களுக்கு அதை மன்னிப்பாகக் காட்டியது, அமெரிக்கா வருத்தம் மட்டும்தான் என்றது. 24 பேரும் வீடு திரும்பினார்கள். சொரி சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயம் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் உண்டு. அதற்காகவே அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1986இலும், இங்கிலாந்தில் 2006இலும் சட்டம் செய்தார்கள். மன்னிப்புக் கேட்டது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது இங்கிலாந்துச் சட்டம்.

வகுப்பில் அதிகம் தடுமாறுவது சொரிக்குப் பின்னால் வரும் சிறு சொல்லில். "சொரி அபவுட் த டிலே" என்றால் தாமதத்துக்கு வருந்துகிறேன். "சொரி டு ஹியர் தட்" என்றால் அதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. "சொரி ஃபோர்" கொஞ்சம் கவனம். பின்னால் செய்த காரியம் வந்தால் மன்னிப்பு, "சொரி ஃபோர் பீயிங் லேட்". பின்னால் ஆள் வந்தால் இரக்கம், "ஐ ஃபீல் சொரி ஃபோர் ஹிம்", பாவம் அவன். முகத்துக்கு நேரே ஒருவரிடம் "ஐ ஃபீல் சொரி ஃபோர் யூ" என்றால் இளக்காரமாகவும் படலாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பொருளே வேறு. "ஏ சொரி சைட்" என்பது பார்க்கச் சகிக்காத கோலம். குரலை மேலே தூக்கி "சொரி?" என்றால் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்.

கடிதத்தில் இன்னொரு சிக்கல். வருந்தும் ஆள் "ரிக்ரெட்ஃபுல்", வருந்தத்தக்க சம்பவம் "ரிக்ரெட்டபிள்". "ஐ ஆம் ரிக்ரெட்டபிள்" என்று எழுதினால், நான் பிறந்ததே வருந்தத்தக்கது என்பது போல ஆகிவிடும்.

இன்னொன்று என்னை நிஜமாகவே வதைக்கிறது. எங்கள் பிள்ளைகள் தேவையில்லாத இடத்தில் சொரி சொல்கிறார்கள். நேர்முகப் பரீட்சைக்கு ஒத்திகை பார்த்த ஒரு பையன், கதவைத் திறந்தபோது ஒன்று, உட்காரும்போது ஒன்று, பதில் தொடங்கும் முன் ஒன்று என்று ஐந்து நிமிடத்தில் ஏழு சொரி சொன்னான். எதற்கும் அவன் மேல் பிழை கிடையாது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் தலை குனிந்து நின்று, அரைநாள் சம்பளம் மட்டும் என்று அரைப்பேர் போட்டாலும் வாய் திறக்காமல் போன பாட்டன் பூட்டனின் பயம் அவன் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வர "மே ஐ கம் இன்", கவனத்தைக் கேட்க "எக்ஸ்கியூஸ் மீ". கேள்வி கேட்பது குற்றமில்லை தம்பி என்று அவனிடம் சொன்னேன். அடுத்த ஒத்திகையில் இரண்டு சொரிதான் வந்தது.

அந்த ஹோட்டல் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "உன் அப்பாவுக்காக அவரும் வருத்தப்பட்டிருக்கார்மா. நம்ம ஊர்ல வாசல்ல வந்து கையப் பிடிச்சிட்டு நிப்பாங்களே, அதுதான் அது. 'தேங்க் யூ'ன்னு மட்டும் சொன்னா போதும்" என்றேன். நான் அந்த வெள்ளைக்காரராக நின்று "ஐ ஆம் சோ சொரி" சொன்னேன், அவள் "தேங்க் யூ" சொன்னாள். மூன்று தரம் பழகினோம். மூன்றாவது தரம் அவளுக்குக் குரல் வரவில்லை.