பாதி தக்காளி, பாதி மணத்தக்காளி

அகமதாபாத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பையன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். ஆங்கில அகராதியில் 'கைமெரிக்கல்' என்ற சொல்லுக்கு 'நடைமுறைக்கு ஒவ்வாத, வெறும் கற்பனையான' என்று போட்டிருக்கிறது. தாவரவியல் புத்தகத்திலோ 'கைமெரா' என்று உயிரோடு நிற்கும் செடியைச் சொல்கிறார்கள். நடக்காத ஒன்றின் பெயர் நடந்த ஒன்றுக்கு எப்படி வந்தது, இதை அவனுக்கு எப்படி விளக்குவது?

பொருள் மட்டும் போதுமென்றால் குஜராத்தியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட யோசனைக்காரனைத் 'தரங்கி' என்பார்கள். மனத்தில் எழும் அலையில் மிதப்பவன். நாட்டுக்கதைகளில் வரும் பகற்கனவுக்காரன் பெயரால் ஷேக்சல்லி என்பார்கள், 'ஹவாயி கில்லா' கட்டுகிறான், அதாவது காற்றில் கோட்டை கட்டுகிறான் என்பார்கள். கைக்கு எட்டாத ஆசையென்றால் 'ஜாஞ்சவானாம் நீர்', கானல் நீர். கட்ச் ரண் பாலைவெளியைப் பக்கத்திலேயே வைத்திருப்பவர்களுக்கு அது வெறும் உவமை அல்ல.

கைமெரா கிரேக்கச் சொல். ஹோமரின் இலியட்டில் வருகிறது: முன்னால் சிங்கம், நடுவில் ஆடு, பின்னால் பாம்பு, வாயில் நெருப்பு. மூன்று உடல்கள் ஒரே உயிராக ஒட்டி வாழ முடியாது. அதனால்தான் ஆகாத யோசனைக்கெல்லாம் அந்தப் பெயர் வந்தது.

அந்தப் பையனுக்கு நான் அடுத்துச் சொல்வது அவனுக்கு நன்றாகத் தெரிந்த 'கலம்' என்ற சொல்லை. குஜராத்தியில் அது பேனாவுக்கும் பெயர், ஒட்டுச்செடிக்கும் பெயர். கிர் பக்கத்துக் கேசர் மாமரங்கள் எல்லாம் கலம் கட்டி வந்தவைதான். 1934இல் ஜூனாகட் நவாப் அந்தப் பழத்துக்குக் கேசர் என்று பெயர் வைத்தார் என்பார்கள். இந்தக் கலமும் அரபு வழியாக வந்த கிரேக்கச் சொல்தான். அங்கே 'கலமோஸ்' என்றால் நாணல்.

ஒட்டு கட்டுவது பள்ளியிலேயே படித்ததுதான். இரண்டு வெட்டுமுகங்களையும் சேர்த்துக் கட்டினால் பட்டைக்கடியில் இருக்கும் கேம்பியம் என்ற வளர்திசு கூடி, காயம் ஆறி, நீர் ஏறும். ஆனால் கட்டுக்குக் கீழே நாட்டு மா, மேலே கேசர், இரண்டும் கலப்பதில்லை. இது கைமெரா இல்லை.

1907இல் ஜெர்மனியின் டூபிங்கனில் தாவரவியலாளர் ஹன்ஸ் விங்க்லர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். தக்காளியையும் கருமணத்தக்காளியையும் ஒட்டுக்கட்டினார். குஜராத்தியில் பீலுடி, நாம் கீரையாகச் சமைப்பது. ஒட்டு நன்றாகப் பிடித்ததும், சரியாக அந்த மூட்டிலேயே குறுக்கே வெட்டிவிட்டார். வெட்டுமுகத்தில் இரண்டு செடிகளின் செல்களும் அருகருகே இருக்கின்றன. அங்கிருந்து முளைகள் கிளம்பின. பல முளைகள் தனித் தக்காளி அல்லது தனி மணத்தக்காளி. ஒன்று மட்டும் நெடுக்கே பாதி தக்காளி, பாதி மணத்தக்காளி! ஒரு பக்கம் பிளவுபட்ட தக்காளி இலை, மறுபக்கம் பிளவில்லாத மணத்தக்காளி இலை. அதற்குத்தான் விங்க்லர் கைமெரா என்று பெயர் வைத்தார்.

அடுத்தடுத்து வந்த முளைகள் சில இன்னும் விசித்திரமாக இருந்தன. பாதிப்பாதியாகப் பிரியாமல், செடி முழுக்க இரண்டின் சாயலும் தெரிந்தது. இவை உண்மையான கலப்பினம் என்றே விங்க்லர் நினைத்தார். உண்மை அதைவிட அழகானது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

செடியின் குருத்து நுனியில், புதிய செல்களை உண்டாக்கும் ஆக்குத்திசு இருக்கிறது. அது ஒரு குவியலாகத் தோன்றினாலும் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும். நவராத்திரி கர்பாவை நினைத்துப் பாருங்கள். நடுவில் விளக்கு, சுற்றிலும் வட்டத்துக்குள் வட்டமாக ஆடுகிறார்கள். புதிதாக ஒருவர் வெளிவட்டத்தில் இருவருக்கு நடுவே நுழைகிறார். வட்டம் பெரிதாகிறது, ஆனால் அது வெளிவட்டமாகவே இருக்கிறது. குருத்தின் தோலடுக்கும் அப்படித்தான். அங்கே ஒரு செல் பிரியும்போது புதிய சுவர் மேற்பரப்புக்குச் செங்குத்தாகவே விழும். பிறந்த இரண்டு செல்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்; ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. கோடிமுறை பிரிந்தாலும் தோல் ஒற்றை அடுக்குதான். இரண்டாவது அடுக்கும் அதே ஒழுங்கில் வளர்கிறது. அதற்கும் உள்ளேதான் எல்லாத் திசையிலும் பிரிவு நடக்கும்.

சரி, இப்போது தோலடுக்கில் மட்டும் தக்காளிச் செல் மாட்டிக்கொண்டால்? அந்தச் செடி வளரும்வரை தக்காளித் தோலைப் போர்த்திய மணத்தக்காளியாகவே வளரும். மேலே தக்காளியின் ரோமம், உள்ளே மணத்தக்காளி. எந்தச் செல்லும் தன் அடையாளத்தை விடவில்லை. நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணினால் பிடிபட்டுவிடும்: தக்காளிக்கு 24, மணத்தக்காளிக்கு 72. விதை இரண்டாவது அடுக்கிலிருந்து உருவாகிறது என்பதால், அந்தச் செடியின் விதையைப் போட்டால் முளைப்பது வெறும் மணத்தக்காளி. விளிம்பு வெளுத்த ஜெரானியம் இலைகளை ஆராய்ந்த ஜெர்மன் தாவரவியலாளர் எர்வின் பௌர்தான் இந்த அடுக்குக் கணக்கை 1909இல் அவிழ்த்தார்.

இந்த ஆராய்ச்சியில் யாரும் புதுக் காய்கறி விற்கவில்லை. இன்று ஒருவர் இதற்கு நிதி கேட்டுப் போனால் 'என்ன பயன்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஆனால் ஓர் இலை எந்தெந்த அடுக்கிலிருந்து உருவாகிறது என்று நமக்குக் காட்டியவை இந்தக் கைமெராச் செடிகள்தான். எலும்புமஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர் உடலில் தானம் கொடுத்தவரின் டி.என்.ஏ. கொண்ட இரத்தம் ஓடுகிறது. மருத்துவர்கள் அதைக் குறிப்பதும் இதே கைமெரா என்ற சொல்லால்தான். பயன் கேட்காமல் தோண்டுவதற்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

விங்க்லருக்கு முன்பே தோட்டக்காரர்கள் கையில் இது தற்செயலாக நடந்திருக்கிறது. 1825இல் பாரிஸ் அருகே ஆதாம் என்ற நாற்றங்கால்காரர் லபர்னம் மரத்தில் ஊதாப்பூப் புதர்ச்செடி ஒன்றை ஒட்டினார். லபர்னம் நம் சரக்கொன்றை போல மஞ்சள் சரம் தொங்கவிடும் மரம். பையனுக்கு 'கர்மாளோ போல' என்று சொன்னால் புரியும். மூட்டிலிருந்து கிளம்பிய ஒரு கிளையில் ஊதாத் தோலும் மஞ்சள் உள்ளும் சேர்ந்து இளஞ்சிவப்புப் பூ வந்தது. எப்போதாவது உள்ளடுக்குச் செல் தோலைத் தாண்டி வெளியே வந்துவிடும். அந்தக் கிளையில் சுத்த மஞ்சள் பூக்கும். இன்னொரு கிளையில் சுத்த ஊதா. ஒரே மரத்தில் மூன்று பூ. இதன் விதையிலிருந்து வருவது லபர்னம் மட்டும்தான். ஆகவே இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் நிற்கும் ஆதாமின் மரங்கள் ஒவ்வொன்றும் அந்த ஒரே கிளையிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த கலம்.