இருட்டடிப்பா, ஒளிபரப்பு விலக்கா?

விளையாட்டுச் செய்தியில் ‘பிளாக்அவுட்’ என்று வரும் இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘இருட்டடிப்பு’ என எழுதுகிறார்கள். சென்ற வாரம் மூன்றாம் முறையாக அதைப் படித்துவிட்டேன். ஆங்கிலச் சொல் நாடக மேடையில் விளக்கணைப்பதைக் குறித்து, போர்க்காலத்தில் நகரங்களை இருளாக்குவதற்கும் பிறகு செய்தியை மறைப்பதற்கும் பரவியது. விளையாட்டில் அதன் பொருள் வேறு: அரங்கின் சீட்டு விற்பனையைக் காக்க, ஓர் ஆட்டத்தைக் குறித்த வட்டாரத்திலோ குறித்த நேரத்திலோ நேரலையாகக் காட்டாதிருத்தல்.

‘இருட்டடிப்பு’ என்றாலே நமக்கு வஞ்சகம் தொனிக்கும். மலையாளத்தின் ‘தமஸ்கரணம்’ என்பதும் அப்படித்தான். ஆனால் இங்கே எதுவும் மறைக்கப்படுவதில்லை. விதி முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது, ஆட்டத்தின் முடிவும் செய்தியில் வந்துவிடுகிறது. 1950-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி தன் உள்ளூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டியபோது அரங்கின் கூட்டம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த அச்சத்தால்தான் அமெரிக்கக் கால்பந்து அணிகளின் சங்கமான என்எஃப்எல் உள்ளூர் ஒளிபரப்பை விடாப்பிடியாக மறுத்துவந்தது. 72 மணி நேரத்துக்கு முன்பே சீட்டு விற்றுத் தீர்ந்த ஆட்டத்தை மறுக்கக் கூடாது என 1973-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காலரிச் சீட்டை நம்பி, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம் நடத்தும் கமிட்டிக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். இருட்டடிப்பு என்றால், யார் எதை மறைத்தார்கள் என்றுதான் கேட்பார்.

‘வட்டாரத் தடை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். தடை என்றால் அரசு ஆணை போல ஒலிக்கிறது என்பது ஒருபுறமிருக்க, இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலை கூடாது என்பது நேரத்தைப் பற்றிய, நாடு முழுவதற்குமான விதி. சிறிய கால்பந்துக் கழகங்களின் அரங்குகள் காலியாகிவிடக் கூடாதென்று 1960-களில் வந்த அந்த ஏற்பாட்டில் வட்டாரம் எங்கே இருக்கிறது?

எனவே ‘ஒளிபரப்பு விலக்கு’ என்பதே என் தேர்வு. வரிவிலக்கு என்பதில் விலக்கு சலுகையாயிற்றே என்பார்கள்; மதுவிலக்கு என்பதில் அது சலுகையா? தேவைப்பட்டால் முன்னே வட்டாரம் என்றோ நேரம் என்றோ சேர்த்துக்கொள்ளலாம். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளோடு எழுந்துவிடும் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வளவு பொறுமை இருப்பதில்லை. ‘2015-இல் என்எஃப்எல் தன் வட்டார ஒளிபரப்பு விலக்கை நிறுத்திவைத்தது’ என்றால் நடந்தது விளங்குகிறது. ‘இருட்டடிப்பை நிறுத்திவைத்தது’ என்றாலோ, அதுவரை களவு செய்துகொண்டிருந்த சங்கம் அவ்வாண்டு திருந்திவிட்டது போலாகிறது.