உரலுக்கு வந்த பொழுது

சென்னிமலைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்த் தம்பி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கடன் வாங்கிக் கேமரா வாங்கியிருக்கிறார். "ஊட்டி, வால்பாறைன்னு போனாத்தானுங்கண்ணா நல்ல படம் கிடைக்குது. நம்மூர்ல தறியை விட்டா எடுக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று கேட்டார். அவர் அப்பாவின் தறிக்குடோன் கூரை ஓடா, ஷீட்டா என்று திருப்பிக் கேட்டேன். பழைய ஓடு என்றார். அப்புறமென்ன, ஊட்டிக்கு எதற்குப் பஸ் ஏற வேண்டும்?

காலையில் வெயில் ஏறியதும் குடோனுக்குள் போய்த் தரையைப் பார்க்கச் சொன்னேன். ஓட்டு இடுக்குகளிலிருந்து வெளிச்சம் கோல் கோலாக இறங்கும். பஞ்சுத் தூசி ஒளியைச் சிதறடிப்பதால் அந்தக் கோல் கண்ணுக்குத் தெரிகிறது. இது பள்ளிப் பாடம். எனக்கு வேண்டியது கோலின் அடியில், தரையில் விழும் பொட்டு. ஓடு உடைந்த இடம் முக்கோணமாக இருக்கும், நீளக் கீறலாக இருக்கும், பூனை தள்ளிய இடத்தில் எந்த வடிவத்திலும் சேராத சந்தாக இருக்கும். பொட்டு மட்டும் பெரும்பாலும் வட்டம், சாய்ந்த வெயிலில் முட்டை வட்டம். ஏன்?

ஒளி நேர்கோட்டில்தானே செல்கிறது, சதுர ஓட்டையில் நுழைந்தது ஏன் சதுரமாக விழவில்லை என்ற கேள்வி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய கேள்விகளில் ஒன்று. அங்கே ஓட்டு இடுக்குக்குப் பதில் கூடைப் பின்னல், அவ்வளவுதான். ஐரோப்பாவில் இதைத் தெளிவாக அவிழ்த்தவர் கெப்ளர், 1604-ல். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று பின்னால் சொன்ன அதே கெப்ளர். அவர் செய்த சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அதற்கு வேண்டியவை ஒரு நூலும் இன்னொரு நூலும்.

உயரத்தில் ஒரு புத்தகத்தை வைத்தார். அதுதான் சூரியன். அதற்கும் தரைக்கும் நடுவே, பல மூலைகள் கொண்ட ஓட்டை. புத்தகத்தின் ஒரு மூலையில் நூலைக் கட்டி, ஓட்டை வழியாகத் தரைக்கு இழுத்து, விறைப்பாகப் பிடித்தபடி ஓட்டையின் விளிம்பை உரசி ஒரு சுற்று கொண்டுவந்தார். நூல் நுனி போன தடத்தைத் தரையில் வரைந்தால் கிடைத்தது ஓட்டையின் வடிவம். அடுத்த மூலையில் கட்டினார். அதே ஓட்டை வடிவம்தான், இடம் மட்டும் தள்ளி விழுந்தது. இப்படியே நான்கு மூலைகள், பிறகு விளிம்பில் பல புள்ளிகள். கடைசியில் தரையில் குவிந்த ஓட்டை வடிவங்கள் எல்லாம் சேர்ந்து காட்டியது புத்தகத்தின் நீள்சதுரத்தை!

சூரியனும் அப்படித்தான். அதன் ஒவ்வொரு புள்ளியும் உடைந்த ஓட்டின் முக்கோணத்தைத் தரையில் வரைகிறது. கோடிக்கணக்கான முக்கோணங்கள் சற்றுச் சற்றுத் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக, வட்டமாக அடுக்கப்படுகின்றன. ஆகவே தரையில் கிடப்பது ஓட்டையின் படம் அல்ல, சூரியனின் படம். ஒரு அட்டையில் அரை சென்டிமீட்டர் முக்கோணம் வெட்டித் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் முக்கோணமே விழும். மாடியிலிருந்து பிடித்தால் மூலைகள் கரைந்து வட்டமாகிவிடும்.

கணக்கும் எளிது. சூரியனின் தூரம் சுமார் 15 கோடி கி.மீ., விட்டம் சுமார் 14 லட்சம் கி.மீ. வகுத்தால் ஏறத்தாழ 107. ஒளி ஓட்டையிலிருந்து பத்து அடி வந்து விழுந்தால், அதில் 107-ல் ஒரு பங்கு: பத்து ரூபாய் நாணய அளவு. பொட்டைச் சுற்றிக் கரியால் கோடு போட்டுவிட்டு நில்லுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கோட்டைவிட்டு முழுக்க வெளியேறியிருக்கும். நகர்வது பூமி.

என் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், வீடு கோபிப் பக்கம், நாட்டு ஓடு. "பொழுது உரலுக்கு வந்துருச்சு கண்ணு, ஒலை வெக்கோணும்" என்பார். எங்கள் பக்கம் பொழுது என்றால் சூரியன்தான். பேச்சு வழக்கு என்று அப்போது நினைத்தேன். உண்மையில் உரலின் விளிம்பில் சூரியனேதான் உட்கார்ந்திருந்தது.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர் வழியாக வளையச் சூரிய கிரகணம் போனது. காலை ஒன்பதரை மணியை ஒட்டி, வேப்ப மரத்தடியில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு வளையத்தை மண்ணில் போட்டது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி தட்டையாக இருந்தால் உலக்கை அமாவாசைக்கும் நிற்கும், ஆடிப் பதினெட்டுக்கும் நிற்கும். வளையம் அப்படி வராதே! அறிவியல் கண்காட்சி என்றால் தெர்மாகோலுக்குக் காசு கொட்டும் பள்ளிகள், அன்று ஆளுக்கொரு சல்லடையைக் கொடுத்துப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

தம்பிக்கு இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். கேமராவை இருட்டுக்கு அளவெடுக்க விட்டால் பொட்டு வெளிறிப்போகும், பொட்டுக்கே வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். ஓட்டை வழியாகச் சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும்.

நான்காம் நாள் படம் அனுப்பினார். பொழுது சாயும் நேரம், மேற்குச் சன்னல் பலகையின் ஆணி ஓட்டையிலிருந்து எதிர்ச் சுவரில் விழுந்த வட்டம், ஒரு பக்கம் கடித்த மாதிரி. "மலைக்குப் பின்னால எறங்குதுங்கண்ணா. ஆனா அடிப்பக்கம்தானே மறையோணும், இதுல மேல்பக்கம் காணலையே?"

துளை வழியே வரும் படம் தலைகீழாகத்தான் விழும். வட்டத்தின் உச்சியில் அவர் பிடித்திருந்தது சென்னிமலை.