வலைப்பதிவு: சொல்லும் தொழிலும்

வலைப்பதிவு (பெயர்ச்சொல்): திகதியிட்டு, புதியது மேலே பழையது கீழே என்ற ஒழுங்கில் இணையத்தில் தொடர்ந்து எழுதப்படும் குறிப்புகளின் தொகுதி. எழுதுபவர் வலைப்பதிவர், தனிக் குறிப்பு ஒவ்வொன்றும் இடுகை. பிற வழக்குகள்: வலைப்பூ, புளொக், பிளாக்.

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு சேவைத் தொழில் நடத்துபவர்களை மனதில் வைத்தே இதை விரித்து எழுதுகிறேன். தண்ணி மோட்டர் திருத்துபவர், ஏசி பூட்டுபவர், கலியாண மண்டபச் சோடனைக்காரர், வான் ஹயர் விடுபவர். "ஒரு வெப்சைட் வேணும், அதிலை புளொக்கும் போட்டால் நல்லதாம்" என்று இவர்கள் சொல்லக் கேட்கலாம். புளொக் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால், விளம்பரம் எழுதுகிற இடம் என்று பதில் வரும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அது விளம்பரத்துக்குப் பிறந்த சொல்லே இல்லை.

பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க, மாலுமிகள் கால்வட்ட வடிவில் வெட்டிய ஒரு மரக்கட்டையை ஈயம் வைத்துப் பாரமாக்கி, கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். கட்டை நீரில் நின்றுவிடும், கப்பல் முன்னே போகும், கயிறு அவிழ்ந்துகொண்டே போகும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்தது என்று எண்ணினால் அதுதான் வேகம். கடல்வேகத்தை இன்றும் 'நொட்', அதாவது முடிச்சு, என்று சொல்வது இதனால்தான். ஒரு நொட் மணிக்கு 1.852 கிலோமீற்றர். அந்த மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லொக்' என்று பெயர். அளந்த கணக்கை எழுதிய ஏடு 'லொக் புத்தகம்' ஆயிற்று. பிறகு காற்று, திசை, கப்பலில் நடந்த சம்பவம் எல்லாம் அதே ஏட்டில் ஏறின. (வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரருக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.)

மரக்கட்டை இணையத்துக்கு வந்தது 1997 டிசெம்பரில். ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர், இணையத்தில் தாம் வாசித்தவற்றின் சுட்டிகளை நாளாந்தம் குறித்துவைத்த பக்கத்தை 'வெப்லொக்', அதாவது வலை (வெப்) லொக், என்று அழைத்தார். 1999 இல் பீற்றர் மெர்ஹோல்ஸ் அதை வேண்டுமென்றே வேறு இடத்தில் முறித்து, 'நாம் புளொக்குகிறோம்' என்ற பொருள் தொனிக்க 'வீ புளொக்' என்று எழுதினார். விளையாட்டுத்தான். ஆனால் 'புளொக்' நிலைத்துவிட்டது. அதே ஆண்டு பைரா லாப்ஸ் என்ற சிறு நிறுவனம் புளொக்கர் சேவையைத் தொடங்கியது. 2003 இல் கூகிள் அதை வாங்கியது. அந்த ஆண்டே வேர்ட்பிரஸ் என்ற புளொக் மென்பொருளும் வந்தது. 2004 இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'புளொக்'கை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

தமிழில் இந்த எழுத்துமுறை 2003 அளவில் சூடுபிடித்தது. 2004 இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி பலருடைய இடுகைகளை ஒரே இடத்தில் காட்டியது. வலைப்பூ, வலைப்பதிவு என்ற இரண்டு சொற்களும் அந்தக் காலத்தில் புழங்கியவை. வலைப்பூ காதுக்கு இனிமை, கவிதை எழுதுபவருக்குப் பொருத்தமும்கூட. ஆனால் 'லொக்' என்பதன் பொருள் அதில் ஒரு துளியும் இல்லை. பூ என்றதும் அழகு நினைவுக்கு வருகிறது, கணக்கேடு வருவதில்லை. ஒலிபெயர்ப்புக்கும் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டார் எழுதும் 'பிளாக்', கறுப்பா கட்டடத் தொகுதியா என்று மயங்க வைக்கும். நாங்கள் 'புளொக்' என்று எழுதினால், மேசன்மாருக்கு அது சீமெந்துக் கல். ஆகவே என் வாக்கு வலைப்பதிவுக்கு.

அந்தச் சொல்லின் உயிர் 'பதிவு' என்ற பின்பாதியில் இருக்கிறது. பதிதல் என்றால் அழுந்துதல், சுவடு விழுதல். ஈர மண்ணில் கால் பதியும். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் மோதிரத்தில் கல் பதிப்பார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும் தொழிற்பட்டது இதே வேர்தான். பிறப்புப் பதிவு, விவாகப் பதிவு, காணிப் பதிவு என்று அரச அலுவல்களிலும் சொல் ஊறிப்போயிருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் அதிபரிடம் இருக்கும் லொக் புத்தகத்துக்குத் தமிழில் 'சம்பவத் திரட்டு' என்று பெயர். அதில் அதிபர் தம் பாடசாலையைப் புகழ்ந்து எழுதுவதில்லை. இன்ன நாள், இன்னது நடந்தது, இன்னது செய்யப்பட்டது. வலைப்பதிவும் அந்தச் சாதிதான். (பதிவுக்குப் பழைய பொருள் இன்னொன்றும் உண்டு. 'பதிவிருத்தல்' என்றால் வேட்டைக்கு ஒளிந்து காத்திருத்தல். இணையத்தில் விளம்பரம் செய்யும் சிலர் இந்தப் பொருளைத்தான் பிடித்துக்கொண்டார்கள் போலும்.)

விளம்பரம் என்பதன் அடி 'விளம்பு', அதாவது சொல், அறிவி. தன்னைப் பற்றித் தானே சொல்வது அது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நகரெங்கும் தொங்கும் பதாகைகள் விளம்புகின்றன, கொடியிறங்கியதும் கழற்றப்படுகின்றன. அதில் பிழை இல்லை, அதன் வேலை அவ்வளவுதான்.

சேவைத் தொழிலுக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? சேலை வாங்குபவர் விரித்துப் பார்த்துத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மோட்டர் திருத்தும் வேலையை வாங்குமுன் தொட்டுப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் பார்க்கக்கூடியது முன்பு செய்த வேலை மட்டும்தான். ஊருக்குள் அதை வாய்வழியாக விசாரிப்பார்கள்: "அவங்கட வீட்டிலை ஆர் செய்தது?" ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கொக்குவில் வீட்டைப் பார்க்கும் மகளுக்கு விசாரிக்கப் பக்கத்து வீடு இல்லை. அவர் தேடுபெட்டியில் தட்டுகிறார். ஆடி, ஆவணியில் ஊருக்கு வர இருப்பவர்கள் வானையும் மண்டபத்தையும் வைகாசியிலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் கண்ணில் "தரமான சேவை, நியாயமான விலை" என்ற வரி விழுந்தால் எந்தப் பயனும் இல்லை. அந்த வரி எல்லோரிடமும் இருக்கிறது.

மோட்டர் திருத்துபவரின் பதிவு இப்படி இருக்கலாம்: "கோண்டாவிலில் ஒரு வீடு. மோட்டர் ஓடுது, தண்ணி வருகுதில்லை. கோடையில் கிணற்று நீர் கீழிறங்கியதால் உறிஞ்சு குழாயின் வாய் வெளியே நின்று காற்று இழுத்திருக்கிறது. குழாயை நீட்டி, அடி வால்வை மாற்றினோம். அரை நாள் வேலை." கூடவே இரண்டு படங்கள்; வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, வீட்டிலக்கம் தெரியாதபடி. பைப் வேலை செய்பவருக்கு எழுத விஷயம் இன்னும் அதிகம். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல், அதனால் கிணற்று நீரில் கல்சியம் கூட. கேத்தலின் அடியிலும் சுடுநீர் ஹீற்றரின் கம்பியிலும் வெள்ளையாகப் படிவது அதுதான். படிவு தடிக்கத் தடிக்கச் சூடு நீருக்குப் போகாமல் கம்பி எரிந்துபோகும். இதை நாலு பந்தியில் எழுதி, எப்படிக் கழுவுவது என்றும் சொல்லிவிடலாம். "தொழில் இரகசியத்தைச் சொன்னால் அவையளே செய்துபோடுவினம்" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கழுவத் தெரிந்தவர் எப்படியும் கூப்பிட மாட்டார். மற்றவர் வாசித்துவிட்டு, இவருக்கு விஷயம் தெரியும் என்று கூப்பிடுவார்.

மொழி விஷயத்தில் ஒன்று. 'நீர்ப்பம்பி பழுதுபார்த்தல்' என்று நடுச்சாமத்தில் யாரும் கைத்தொலைபேசியில் தட்டுவதில்லை. 'மோட்டர் தண்ணி இழுக்குதில்லை' என்றுதான் தட்டுவார்கள். இடுகையின் தலைப்பு அப்படியே இருக்கட்டும், தூய தமிழ் உள்ளே வரலாம். இந்தக் கட்டுரையை எழுதும் நானே இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம், இருந்தாலும் உண்மை.

எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். எங்கள் அச்சகங்களிலும் பதாகைக் கடைகளிலும் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. பாமினியில் தட்டியது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ்போலத் தோன்றுவது எழுத்துருவின் வேடம். தேடுபொறிக்கு அது தமிழாகத் தெரியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் தட்டினால்தான் தேடுபவர் கையில் சிக்கும். துண்டுப்பிரசுரத்தைப் படமெடுத்துப் போடுவதும் ஏறக்குறைய அதே கதை. முகநூலில் போட்டால் போதாதா என்றால், அன்றைக்குப் போதும். இரண்டு மாதம் கழித்து அதே கேள்வியோடு வருபவர் அதைத் தோண்டி எடுப்பது கடினம்.

இணையத்தளம் வேறு. அது பெயர்ப்பலகை மாதிரி: யார், எங்கே, என்ன வேலை, தொலைபேசி இலக்கம். தமிழ்நாட்டில் 'இணையதளம்' என்று ஒற்று விட்டு எழுதுவது பரவலாயிருக்கிறது. இலங்கையில் 'இணையத்தளம்' என்றே எழுதுகிறோம், புணர்ச்சிக்கும் அதுவே சரி. வலைப்பதிவு அந்தத் தளத்தின் ஒரு அறையாக இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். மாதத்துக்கு ஒரு இடுகையாவது எழுத நேரமில்லாதவர் தளத்தோடும் கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிவதோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. திகதி தெரியும் வடிவத்துக்கு ஒரு கெடுதல் உண்டு. மேலே நிற்கும் கடைசி இடுகை நாலு வருடம் பழையது என்றால், கடை பூட்டிவிட்டார்கள் என்று வாசிப்பவர் முடிவுகட்டிவிடுவார்.

முகவரியைத் தமிழிலேயே வைக்க விரும்புபவருக்கு '.இலங்கை' என்ற ஆள்களப் பெயர் 2010 முதல் உண்டு. புள்ளி எல்கே முகவரியோடு சேர்த்து இரண்டையும் வைத்திருப்பதுதான் வசதி, ஏனென்றால் தொலைபேசியில் சொல்லும்போது எல்லோர் கையிலும் தமிழ் விசைப்பலகை இருக்காது.

கடைசியாக, தளத்தின் மேற்பட்டியில் அந்த அறைக்கு என்ன பெயர் எழுதுவது? இவ்வளவும் சொல்லிவிட்டு, 'வலைப்பதிவு' என்று எழுதச் சொல்ல மாட்டேன். அது எழுதுபவருக்கும் அகராதிக்கும் உரிய சொல். மோட்டர் நின்றுபோய்க் குளிக்கத் தண்ணியில்லாமல் நிற்பவர் அழுத்தப்போவது 'செய்த வேலைகள்' என்ற பொத்தானை.