‘தொடர்பாக’ என்று எழுதிய பிறகு ஒரு நிமிடம் நில்லுங்கள்

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நெஞ்சில் சளி கரகரவென்று கேட்கிறது. இருமுங்கள் என்று சொன்னால் அந்த நோயாளி தொண்டையைச் செருமுவதோடு நிறுத்திக்கொள்கிறார். செவிலியப் பயிற்சி மாணவி கேர் பிளானில், அதாவது நோயாளிக்கான கவனிப்புத் திட்டத்தில், இப்படி எழுதியிருந்தாள்: ‘சுவாசப் பாதையில் உள்ள சளியை வெளியேற்ற இயலாமை, அறுவை சிகிச்சை தொடர்பாக.’

பிரச்சினையின் பெயர் சரி. காரணத்தில்தான் எனக்குச் சிக்கல். அறுவை சிகிச்சை நடந்து முடிந்துவிட்டது, அதை இனி யாராலும் மாற்ற முடியாது. அப்புறம் அந்த வரியைப் படிக்கும் அடுத்த ஷிப்ட் செவிலியர் என்னதான் செய்வார்?

“போய் இன்னொரு தடவை இருமச் சொல்லு. நெஞ்சைப் பார்க்காதே, கையைப் பார்” என்று அனுப்பினேன். நானும் பின்னாலேயே போனேன். இருமச் சொன்னதும் அவருடைய இரண்டு கைகளும் வயிற்றைப் பொத்திக்கொண்டன. இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. “தையல் பிரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு சிஸ்டர்” என்றார்.

மாணவி திரும்பி வந்து மாற்றி எழுதினாள்: ‘சுவாசப் பாதையில் உள்ள சளியை வெளியேற்ற இயலாமை, இருமும்போது தையல் இடத்தில் எழும் வலி, தையல் பிரிந்துவிடும் என்ற பயம் ஆகியவை தொடர்பாக. சான்று: கரகரப்பு ஒலி, வலுவில்லாத இருமல், பாதியில் நிற்கும் மூச்சு, வலி 10க்கு 7.’ இப்போது செய்ய வேண்டியது எல்லாம் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த வலி மருந்தை இருமல் பயிற்சிக்கு முன்னால், அது வேலை செய்ய நேரம் விட்டுக் கொடுக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். எத்தனை அடுக்காகத் தைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பயத்தைப் போக்க வேண்டும். அன்று மாலையே சளி வெளியே வர ஆரம்பித்தது.

நர்சிங் டயக்னோசிஸ், அதாவது செவிலிய நோயறிதல், என்பது இதுதான். மருத்துவர் நோயைக் கண்டறிகிறார். அந்த நோய்க்கு இந்த மனிதர் எப்படி எதிர்வினை காட்டுகிறார் என்பதைச் செவிலியர் கண்டறிகிறார். அமெரிக்க செவிலியர் சங்கம் 1980இல் செவிலியப் பணிக்குக் கொடுத்த விளக்கமும் இதையேதான் சொல்கிறது: இருக்கிற அல்லது வரக்கூடிய உடல்நலப் பிரச்சினைகளுக்கு மனிதர்கள் காட்டும் எதிர்வினைகளைக் கண்டறிந்து கவனிப்பது. நிமோனியா என்ற மருத்துவ நோயறிதல் பத்துப் பேருக்கு ஒன்றாக இருக்கலாம், ஆனால் பத்துப் பேருக்கும் கேர் பிளான் ஒன்றாக இருக்க முடியாது.

செவிலியர்களுக்கு என்று பொதுவான சொற்கள் வேண்டும் என்ற முயற்சி 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த மாநாட்டில் தொடங்கியது. அதிலிருந்து 1982இல் உருவான வட அமெரிக்க செவிலிய நோயறிதல் சங்கம்தான் நாம் சுருக்கமாக நாண்டா (NANDA) என்று சொல்வது. அதன் பட்டியலில் இருக்கும் பெயர்கள் நமக்குப் பெரிய உதவி, ஏனென்றால் வெவ்வேறு ஷிப்டில் இருப்பவர்கள் ஒரே பிரச்சினையை ஒரே பெயரில் புரிந்துகொள்ளலாம். ஆனால் பட்டியல் பெயரை மட்டும்தான் தரும். காரணத்தையும் சான்றையும் படுக்கை அருகில் போய்த்தான் எடுத்துவர முடியும். பிரச்சினை, காரணம், சான்று என்ற மூன்று பகுதி அமைப்பு நம் எல்லோருக்கும் பாடத்தில் வந்ததுதான். என் அனுபவத்தில் முதல் பகுதியில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. நடுப்பகுதியில்தான் அவசரப்படுகிறோம்.

ஒரு வயதான அம்மா. நாக்கு வறண்டு, சிறுநீர் அடர் மஞ்சளாக, மூன்று நாளாக மலம் கழிக்காமல் இருந்தார். உள்ளே போகும் தண்ணீரின் கணக்கு மிகக் குறைவு. ‘திரவப் பற்றாக்குறை, போதிய அளவு நீர் அருந்தாமை தொடர்பாக’ என்று எழுதி, ‘நீர் அருந்த ஊக்குவிக்கவும்’ என்றும் சேர்த்திருந்தார்கள். மூன்று ஷிப்டும் ஊக்குவித்தது. மேசையில் டம்ளர் நிரம்பியே இருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “ஏம்மா, தண்ணி பிடிக்கலையா?” என்று கேட்டேன். “குடிச்சா அடிக்கடி பாத்ரூம் போகணும். ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிடணும். உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கு” என்றார்.

நீர் அருந்தாததற்கும் ஒரு காரணம் இருந்தது. துணையின்றிக் கழிவறை செல்ல முடியாத நிலையும், பிறருக்குத் தொந்தரவு தருகிறோமே என்ற எண்ணமும்தான் அது. அவர் கூப்பிடும்வரை காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாங்களே போய் அழைத்துச் செல்ல ஆரம்பித்தோம். தண்ணீர் குடியுங்கள் என்று அதன் பிறகு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டுவது இதைவிட ஆபத்தானது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு டியூட்டியில் நானே அதைச் செய்தேன். நுரையீரல் நோயோடு வந்த ஒருவர் ஆக்சிஜன் மாஸ்கைக் கழற்றிக் கழற்றி எறிந்தார், எழுந்து உட்கார்ந்தார், கோபப்பட்டார். ‘பதற்றம், மருத்துவமனைச் சூழல் தொடர்பாக’ என்று எழுதிவிட்டு ஆறுதலாக நாலு வார்த்தை பேசினேன். சிறிது நேரம் கழித்துத்தான் விரலில் ஆக்சிஜன் அளவைப் பார்த்தேன். அது இறங்கியிருந்தது. உடனே மருத்துவரை அழைத்தோம், அவர் பிழைத்தார். ஆக்சிஜன் குறைவின் முதல் அடையாளமே இந்த இருப்புக்கொள்ளாமையாக இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. சுவாச எண்ணிக்கை, நாடி, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் பெயரை முதலில் எழுதியதுதான் பிழை. இன்றைக்கும் அமைதியற்ற ஒரு நோயாளியைப் பார்த்தால் மனத்தைப் பற்றி எழுதும் முன் மூச்சைப் பார்க்கிறேன். அப்புறம் வலி, அடுத்து சிறுநீர்ப்பை. சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய் ஒன்று மடங்கிக் கிடந்தாலே போதும், ஒரு முதியவரை இரவு முழுக்கப் படுக்கவிடாமல் செய்ய.

எழுதும்போது அடிக்கடி பார்க்கும் வேறு சில பிழைகளும் உண்டு. ‘சளியை உறிஞ்சி எடுத்தல் தேவை’ என்பது நம்முடைய வேலை, நோயாளியின் பிரச்சினை அல்ல. ‘தோல் சேதம், படுக்கைப் புண் தொடர்பாக’ என்றால் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறோம். ‘நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்காதது தொடர்பாக’ என்றால் சக ஊழியர் மேல் குற்றம் எழுதுகிறோம். ‘தானாக அசைய முடியாததால் வால் எலும்புப் பகுதியில் தொடர் அழுத்தம்’ என்று எழுதினால் எங்கே, ஏன், என்ன செய்வது மூன்றும் தெரியும். ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்ற சொல்லை நான் யாரையும் எழுத விடுவதில்லை. மேலே சொன்ன அந்த அம்மாவும் தண்ணீர் விஷயத்தில் ஒத்துழைக்காதவராகத்தான் தெரிந்தார்.

அபாயத்தைப் பற்றிய நோயறிதலில் சான்று கேட்காதீர்கள். விழும் அபாயம் என்று எழுதும்போது அவர் இன்னும் விழவில்லை. அபாயக் காரணிகள் மட்டும் இருக்கும்: எழுந்தால் தலைசுற்றல், மங்கலான பார்வை, இரவில் சிறுநீர் கழிக்க அவசரமாக எழ வைக்கும் மருந்து. ‘முதுமை’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதி முடித்தால் செய்வதற்கு எதுவும் இல்லை. அந்த மருந்தைக் கொடுக்கும் நேரம் பற்றி மருத்துவரிடம் பேசலாமே.

ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு பிரச்சினைகளை எழுதி ஒன்றையும் தொடாமல் விடுவதைவிட, மூன்றை எழுதி மூன்றையும் பின்தொடர்வது மேல் என்பது என் கருத்து. மூச்சும் ரத்த ஓட்டமும் எப்போதும் முதலில். அதற்கடுத்த வரிசையை முடிந்தவரை நோயாளியிடமே கேளுங்கள். இப்போது கணினித் திரையில் பட்டியலைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினால் முழு வாக்கியமும் வந்து விழுகிறது. நேரம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் நேற்றைய வாக்கியம் இன்றைக்கும் அப்படியே நகலாகி வந்தால், நேற்று மாலையே வலி குறைந்துவிட்ட நோயாளிக்கு இன்று காலையிலும் வலி 10க்கு 7 என்றே இருக்கும்.

அந்த வயிற்று அறுவை சிகிச்சை நோயாளிக்கு நான்காம் நாள் நெஞ்சு தெளிவாகிவிட்டது. மாணவி பழைய நோயறிதலுக்கு எதிரே ‘தீர்ந்தது’ என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டிருந்தாள். அதற்குக் கீழே புதிதாக ஒன்று: ‘தூக்கக் குலைவு’. சான்றில், இரவில் நான்கு முறை விழித்தார் என்றும் பகலில் கண்கள் சொருகுகின்றன என்றும் இருந்தது. ‘தொடர்பாக’ என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் இடம் காலியாக இருந்தது.

“என்ன, இதை விட்டுட்டியே?” என்றேன்.

“அவர்கிட்ட இன்னும் கேக்கல மேடம்” என்றாள்.