மலையூருக்குக் குடிபோகும் முன்: தூங்கும் உயரம் எவ்வளவு?

மலையேற்றம், பனிச்சறுக்கு, மலைச் சைக்கிள் என்று ஏதாவது ஒன்றில் பித்துப் பிடித்தவர்கள் கொஞ்ச நாளில் "பேசாமல் அங்கேயே போய்க் குடியிருந்துவிடலாமா டாக்டர்?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். பனி எப்போது பெய்யும், இணைய வேகம் எப்படி, வாடகை எவ்வளவு, எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். ஊர் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.

மலையூர் என்றாலே உயரமான ஊர் என்று இல்லை. ஆல்ப்ஸ் மலையேறிகள் கொண்டாடும் சாமோனி சுமார் 1,035 மீட்டரில் இருக்கிறது. நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் 300 மீட்டர் சொச்சம்தான். அமெரிக்காவின் ஆஸ்பென் சுமார் 2,400, லெட்வில் 3,100. லடாக்கின் லே 3,500, பொலிவியாவின் லா பாஸ் 3,600. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல்தான் உடம்பு முரண்டு பிடிக்கத் தொடங்கும். காற்றில் ஆக்சிஜன் எங்கும் 21 சதவீதமே. ஆனால் காற்றழுத்தம் குறைவதால், 3,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் உள்ளே போகும்.

இதில் முக்கியம், இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பது. பகலில் கேபிள் காரில் உச்சிக்குப் போய் நான்கு படம் எடுத்துவிட்டுக் கீழே வந்து தூங்குபவருக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. கடலோரத்திலிருந்து விமானத்தில் நேராக 3,500 மீட்டருக்குப் போய் அன்றிரவே அங்கு படுப்பவருக்கு 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், அசதி வரலாம். மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது.

"நான் மாரத்தான் ஓடுகிறவன், எனக்கு வராது" என்பார்கள். வரும். உடல் வலு இதற்குக் காப்பு அல்ல. வலுவுள்ளவர்கள்தான் முதல் நாளே ஓடி ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். 1960இல் சார்லஸ் ஹூஸ்டன் என்ற மருத்துவர், உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைப் பற்றி எழுதியபோது அவர் விவரித்த நோயாளி, ஆஸ்பென் அருகே பனிச்சறுக்கில் போன ஆரோக்கியமான இளைஞர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடிகாரர் போலத் தள்ளாடி நடந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். சுற்றுலா இடங்களில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவை நம்பாதீர்கள். அது சில நிமிடம்கூட உருப்படியாக வராது. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும்தான். ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் போன்றோருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

குடிபோகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மேலே போய்ப் பல மாதம் ஆகி உடம்பு பழகிவிட்டது. விடுமுறைக்குச் சமவெளிக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் இருந்துவிட்டு, "நம்ம ஊர்தானே" என்று திரும்பிப் போகிறீர்கள். அப்போதும் நுரையீரலில் நீர் கோக்கலாம். பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் இது கூடுதலாக வரும், அதிலும் சளி பிடித்திருந்தால். ஊர் திரும்பி இரண்டாம் மூன்றாம் நாள் பிள்ளை இருமி மூச்சு வாங்கினால், சாதாரணச் சளி என்று நினைத்துவிட வேண்டாம். திரும்பிய முதல் சில நாள் ஓட்டம், ஏற்றம், பனிச்சறுக்கு எதுவும் வேண்டாம்.

சிலருக்கு நான் போகவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்: நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோய் முற்றியவர்கள். ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கக்கூடிய அரிவாள் செல் மரபணு உள்ளவர்களுக்கு மண்ணீரல் பாதிக்கப்படலாம் என்பதால் தனி ஆலோசனை தேவை. கருவுறத் திட்டமிடும் தம்பதியிடம், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுவேன். வருடக்கணக்கில் தங்கும்போது ரத்தம் அளவுக்கு மீறித் தடித்துப்போகும் நோயும் உண்டு; பெருவில் கார்லோஸ் மோங்கே 1925இலேயே விவரித்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 21 கிராம், பெண்களுக்கு 19 கிராம் தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வீடு பார்க்கும்போது ஊரைவிட 500, 1,000 மீட்டர் தாழ்வான பள்ளத்தாக்கில் கிடைக்குமா என்று பாருங்கள். விளையாட மேலே போகலாம், தூங்கக் கீழே வரலாம். எப்படியும் ஒப்பந்தம் போடும் முன் குடும்பத்தோடு ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிடுங்கள். அப்புறம், பனிக்காலத்தில் கீழே இறங்கும் சாலை எத்தனை நாள் மூடிக் கிடக்கும், பக்கத்து மருத்துவமனை அந்தச் சாலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். வீட்டுத் தரகர் சொல்லமாட்டார்.