வெள்ளையன் அப்பாவும் பணியாரம் அப்பாவும்

காரைக்குடியில் கால்நடை மருத்துவம் பார்க்கிற எனக்கு மனிதர்களின் பெயரைவிட நாய்களின் பெயர்தான் மனதில் நிற்கும். டாமி அம்மா, ஜிம்மி தாத்தா என்றுதான் எல்லோரையும் கூப்பிடுவேன். இங்கே சொல்லப்போகிற இருவரும் அப்படித்தான், வெள்ளையன் அப்பா, பணியாரம் அப்பா. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வெள்ளையன் ராஜபாளையம் நாய். ஆள் பார்க்க மிரட்டலாக இருப்பான், ஊசியைக் கண்டால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். அவனுடைய அப்பா ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவன் சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் நோட்டில் தேதிவாரியாக இருக்கும். பணியாரம் தெருவில் கிடந்த நாட்டுக் குட்டி, பேருக்கேற்ற உருண்டை. அவளுடைய அப்பாவுக்கு முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை. தடுப்பூசி அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார், காத்திருக்கிற எல்லோரிடமும் கதை பேசுவார்.

முதல் சந்திப்பிலேயே பணியாரம் அந்த நோட்டைக் கடித்துக் குதறிவிட்டாள். வெள்ளையன் அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கவலையாகிவிட்டது. மறுநாள் பணியாரம் அப்பா தன் கடையிலிருந்து ஒரு பழைய பேரேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிக்கு மேல் எழுதாத தாள், தடித்த அட்டை. கணக்குப் பார்க்கிறவருக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

வெள்ளையன் கூப்பிட்டால் வருவதில்லை. திமிர் என்று சொல்லி ஒரு பயிற்சியாளர் அடித்துக்கூட இருக்கிறார். பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன், காது அசையவே இல்லை. பிறவியிலேயே காது கேட்காது. முழு வெள்ளை நாய்களில் இது அதிகம். உட்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமல் போவதுதான் காரணம். இப்படிப்பட்ட நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது, கயிறில்லாமல் வெளியே விடக்கூடாது, தூங்கும்போது திடீரென்று தொடக்கூடாது. மற்றபடி கைச்சைகையால் எல்லாம் கற்றுக்கொள்ளும். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

இப்படிப்பட்ட நாய்க்கு, காது கேட்கிற இன்னொரு நாயின் துணை பெரிய உதவி. அதனால் இரண்டையும் பழக்கச் சொன்னேன். யார் வீடும் வேண்டாம், பொது இடம்தான் நல்லது. எதிரெதிரே நிறுத்தாமல், இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்த வேண்டும். சண்டை வராது என்று தெரிந்த பிறகு நெருங்கவிடலாம். சாப்பாட்டுத் தட்டு எப்போதும் தனித்தனி. ஊருணிக்கரையில் காலை நடை தொடங்கியது. பணியாரம் காதை விறைத்தால் வெள்ளையனும் அந்தப் பக்கம் திரும்பப் பழகிவிட்டான். கயிற்றின் மறுமுனையில் ஒரு அப்பா பேசிக்கொண்டே வர, இன்னொரு அப்பா கேட்டுக்கொண்டே நடந்தார். நாய்கள் நன்றாகப் பழகிய பிறகும் அந்த நடை நிற்கவில்லை.

அப்புறம் இருவரும் சேர்ந்தே வர ஆரம்பித்தார்கள், சண்டையும் போட்டுக்கொண்டே. பணியாரம் எடை கூடியதற்குக் காரணம் யார் என்று பேரேட்டைத் திறந்து காட்டினார் வெள்ளையன் அப்பா. சாப்பாட்டில் இன்னொரு கவனமும் வேண்டும். நம் பக்கத்துக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆசையில் ஒரு கரண்டி ஊற்றாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஒருநாள் தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு பெயரும் எழுத முடியுமா என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். இருவரும் காதலிக்கிறார்கள் என்ற விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

சில மாதம் கழித்து ஒருவரின் தாயார் என்னைத் தேடி வந்தார். "டாக்டர் தம்பி, இதுக்கு மருந்து ஏதும் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஆச்சி, இது நோயே இல்லை" என்றேன். நாய்களை வைத்து நியாயம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆண் நாய் மேல் ஆண் நாய் ஏறுவது விளையாட்டாக, பதற்றமாக, வெறும் உற்சாகமாகக்கூட இருக்கலாம். மனிதக் காதலுக்கு அது சான்றாகாது, சான்று தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அது குற்றமல்ல என்றது. மாற்றிவிடுகிறோம் என்று சிகிச்சை தருவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் கண்டித்தது, தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. யாராவது குணப்படுத்துகிறேன் என்று பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஆச்சி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மகன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

போன வருடம் பணியாரத்துக்குக் கருப்பையில் சீழ் வைத்துவிட்டது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாகும்போது இந்த ஆபத்து உண்டு. நிறையத் தண்ணீர் குடித்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். அவளுடைய அப்பா சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தார். வெள்ளையன் அப்பா கையெழுத்துப் போட்டார், அன்றிரவே அறுவை சிகிச்சை முடிந்தது. இரண்டு பெயரும் அட்டையில் இருந்ததால் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

ஆனால் பணியாரம் அப்பா காய்ச்சலில் படுத்தபோது, ஒரு மருத்துவமனையில் "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டு வெள்ளையன் அப்பாவை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இவர்களைப் போன்ற ஜோடிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2023-இல் திருமண உரிமையைத் தரவில்லை. ஆனாலும் செய்ய முடிந்தவை உண்டு. வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், துணைவரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. திருமணம் இல்லாமலும் குடும்பமாக வாழலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. நாமினி, உயில், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நல்லபடியாக இருக்கும்போதே எழுதிவையுங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். வெள்ளையன் அப்பா அந்த வாரமே எல்லாவற்றுக்கும் கோப்பு போட்டுவிட்டார். பணியாரம் அப்பாவை ஓரிடத்தில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கத்தான் மாதக்கணக்கானது.